அன்னாசிப் பால்

அன்னைக்குக் காலையிலேர்ந்து மிக்ஸி அஞ்சாவது தடவையா அலறுச்சு. கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால அவங்க வீட்டுக் கூரையில ரெண்டு இடி இடிச்சார். அக்கா மிக்ஸி மூடியை உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, "இடிக்கட்டும். அவங்க வீட்டு டிவி சத்தத்துக்கு நாம எத்தனை நாள் இடிக்காம இருந்திருக்கோம்"ன்னா.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். பதினொண்ணு ஆகப் போகுது. நாலு மணிக்கு ஓட்டல் மொட்டைமாடியில நின்னாகணும். ரெண்டு மணிக்கு மாமா வேலையிலேர்ந்து வந்துடுவார். அதுக்குள்ள பாட்டில், டம்ளர், வாடை, எதுவும் இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. ஜன்னல் ரெண்டும் திறந்து கிடக்கு. ஆனா காத்து ஒரு சொட்டு இல்ல. வெளியில வானம் மூடி, மழை வரவும் இல்லாம போகவும் இல்லாம புழுங்குது. அவன் நிக்கிறான், உட்கார்றான், மறுபடி எழுந்து போய் வாசக் கதவு தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறான்.

"எத்தனை தடவைடா அதைத் தொடுவ? தேஞ்சு போயிடும்."

"படிக்கட்டுல யாரோ வர்ற மாதிரி இருந்துச்சு."

"நாலு மாடிக்கும் ஒரே படிக்கட்டு. யாராவது வந்துக்கிட்டேதான் இருப்பாங்க."

அக்கா வீட்டுக்காரர், அதான் மாமாவுக்கு, லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஊரு முழுக்க லிஃப்டை ஏத்தி இறக்கிட்டு, லிஃப்டே இல்லாத கட்டிடத்துல நாலாவது மாடிக்கு நடந்து ஏறுவார். அவர் குடியை விட்டு பதினொரு மாசம். தினம் காலையில கம்பெனி கேட்ல ஒரு குழாயை நீட்டுவாங்க, வாயை வச்சு ஊதணும். பச்சை லைட் எரிஞ்சாத்தான் டூல் பெட்டி சாவியைக் கையில கொடுப்பாங்க. ஒரே ஒரு நாள் சிவப்பு எரிஞ்சாலும் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், திரும்பி வர வேண்டாம். அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கி வச்சிருக்காங்க. அப்பேர்ப்பட்ட வீட்டுக்குள்ளதான் மூணு நாளா ஒரு ரம் பாட்டில், சலவைத்தூள் டப்பாவுக்குள்ள தலைகுப்புற நிக்குது.

தம்பிக்கு அந்த ஓட்டல்ல பாத்திரம் கழுவுற வேலை. மொத்தம் ஆறு பேர். போன மாசம் ஒரு மெஷின் வந்து இறங்குச்சு. இந்தப் பக்கம் எச்சில் தட்டை அடுக்கி விட்டா அந்தப் பக்கம் பளபளன்னு ஆவி பறக்க வருது. அதைப் பார்த்து முதல்ல கை தட்டினதே இவன்தான். அடுத்த வாரமே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, மெஷினுக்கு ரெண்டு பேர் போதும், மத்த நாலு பேரும் மாசக் கடைசியோட கிளம்பலாம்னு. அந்த நாலுல இவனும் ஒருத்தன். இந்த நாட்டுல அவன் தங்கி வேலை பார்க்கிற பர்மிட்டு ஓட்டல் பேர்ல இருக்கு. வேலை போனா முப்பது நாள் டைம். அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மொட்டைமாடியில நீச்சல்குளம், அது பக்கத்துல ஒரு பார். அங்க ஒரு ஆள் தேவைப்படுதுன்னு தெரிஞ்சதும் ஓடிப் போய் நின்னான். பார் பொறுப்புல இருக்கிறவரை ஓட்டல்ல எல்லாரும் கூலிங் கிளாஸ்னுதான் சொல்வாங்க. ஸ்டோர் ரூம் இருட்டுக்குள்ளகூட அதைக் கழட்ட மாட்டார்.

"கலக்கத் தெரியுமா?"ன்னு கேட்டார்.

"தெரியும் சார்."

"பினா கொலாடா?"

"போடுவேன் சார்."

அந்தப் பேரையே அப்பதான் முதல் தடவையா கேட்கிறான். கூலிங் கிளாஸ் சிரிச்சார். "சொன்னது பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள அதை நிஜமாக்கிடு. இங்க பத்து ஆர்டர்ல ஆறு அதுதான்." அரை பாட்டில் ரம்மைக் கையில கொடுத்து, ஒரு அட்டையில அளவும் எழுதிக் கொடுத்தார். ரம் அறுபது மில்லி, அன்னாசி தொண்ணூறு, தேங்காய்க் கிரீம் நாற்பத்தஞ்சு, ஒரு கை ஐஸ். "அளவை நம்பாதே, நாக்கை நம்பு"ன்னார்.

நாக்குதான் சிக்கல். வியாழக்கிழமை பையிலேர்ந்து பாட்டிலை எடுத்துக் காட்டினதும் அக்கா ரெண்டடி பின்னால போயிட்டா.

"புத்தி இருக்காடா உனக்கு? எந்த வீட்டுக்கு எதைக் கொண்டு வந்திருக்க?"

"அக்கா, வேற எங்கக்கா போய்ப் பழகுறது? ஓட்டல்ல பாத்திரம் கழுவுறவனை பார் பக்கமே விடமாட்டாங்க."

"தெருவுல நின்னு கலக்கு."

"மிக்ஸிக்கு கரன்ட்?"

அக்கா மேடையில இருந்த மிக்ஸியைப் பார்த்தா. அப்புறம் பாட்டிலை வாங்கி, "இது என் பொறுப்பு. நான் எடுத்துக் கொடுக்கும்போதுதான் நீ தொடணும். ஒரு சொட்டு உன் வாயில படக் கூடாது. இந்த வீட்டுக்கு ஒருத்தர் குடிச்சதே ஏழு தலைமுறைக்குப் போதும்"ன்னா. தம்பி அவ தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணினான்.

அவளுக்கு அன்னாசி வெட்டுற கம்பெனியில வேலை. ஒரு நாளைக்கு நானூறு பழம். தோலைச் சீவணும், கண்ணை எடுக்கணும், தண்டை நீக்கணும், வட்டம் போடணும். ஆறு வருஷத்துல விரல் நுனி வழுவழுன்னு ஆகிப்போச்சு, ரேகையே கிடையாது. வருகைப் பதிவு மெஷின் அவ விரலை ஏத்துக்கவே மாட்டேங்குது. சூப்பர்வைசர் தினமும் காலையில, "நீ வந்திருக்கேன்னு நான் நம்புறேன், மெஷின் நம்ப மாட்டேங்குது"ன்னு சொல்லி நோட்டுல எழுதிக்குவாராம். உடைஞ்ச துண்டுகளை அவங்களே அள்ளிட்டுப் போகச் சொல்லிடுவாங்க. அதனால வீட்டுல அன்னாசிக்குப் பஞ்சமே இல்ல.

முதல் நாள் தம்பி பழத்தோட பால் கிரீமைப் போட்டு அடிச்சு, ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டான். ரம் ஊத்தறதுக்கு முன்னால அக்கா ஒரு கரண்டி எடுத்து நாக்குல வச்சா. முகம் அஷ்டகோணலாப் போச்சு.

"கசக்குதுடா! விஷம் மாதிரி இருக்கு."

"பழம் கெட்டுப் போச்சோ?"

"பழம் நல்லாத்தான் இருக்கு. பச்சை அன்னாசி பாலைத் தின்னுடும்டா, என் விரலைத் தின்ன மாதிரி. பால் வேண்டாம். கெட்டித் தேங்காய்ப்பாலைச் சர்க்கரையோட சுண்டக் காய்ச்சு. பழத்தையும் ஒரு கொதி விட்டு ஆற வை."

அதுக்கப்புறம்தான் விஷயம் ஒரு வழிக்கு வந்துச்சு. வெள்ளி, சனி ரெண்டு நாளும் அக்கா பாட்டிலை எடுத்து மூடி அளவுல ஊத்திக் கொடுக்க, தம்பி அடிச்சு அடிச்சுப் பார்த்தான். நுரை எவ்வளவு நிக்குது, கரண்டியைச் சரிச்சா எப்படி விழுது, எத்தனை நிமிஷத்துல தண்ணி தனியா பிரியுதுன்னு எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டான். ருசி மட்டும் யாருக்கும் தெரியாது. ரம் போட்டதும் ரெண்டு பேரும் குனிஞ்சு மோந்து பார்த்துட்டு, பரீட்சை பேப்பர் திருத்துறவங்க மாதிரி தலையாட்டிட்டு, அப்படியே தொட்டியில ஊத்திடுவாங்க.

அக்கா அதுக்கு வச்ச பேரு அன்னாசிப் பால்.

அஞ்சாவது தடவை அடிச்சது நல்லா வந்துச்சு. கண்ணாடி டம்ளர்ல ஊத்தினதும் மேகம் மாதிரி அசையாம நின்னுச்சு. தம்பி கரண்டியை நட்டான். கரண்டி நின்னுச்சு.

"அப்பாடா. இதே மாதிரி அங்கயும் போடு"ன்னு அக்கா முந்தானையில முகத்தைத் துடைச்சா.

அப்பதான் வாசல்ல சாவி போடற சத்தம் கேட்டுச்சு. உள் தாழ்ப்பாள் போட்டிருந்ததால கதவு திறக்கலை.

"யாரு உள்ள? கதவைத் திற." மாமா குரல்.

பன்னெண்டரைகூட ஆகலை. அக்கா பாட்டிலைச் சலவைத்தூளுக்குள்ள திணிச்சா. டம்ளரை எங்க வைக்கிறதுன்னு தெரியாம தம்பி அதைக் கையிலேயே வச்சுக்கிட்டு ரெண்டு தடவை சமையலறையைச் சுத்தி வந்தான். கடைசியில அந்தக் கையோடவே போய்த் தாழ்ப்பாளை எடுத்தான்.

மாமா படியேறி வந்த மூச்சு வாங்க நின்னார். "பார்ட்ஸ் வரலை, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே ஷூவைக் கழட்டக் குனிஞ்சவர், குனிஞ்ச மேனிக்கே நின்னுட்டார். ஒரு ஷூ காலிலயும் ஒரு ஷூ கையிலயுமா தலையைத் தூக்கினார்.

"எங்க இருக்கு?"

தம்பி டம்ளரை முதுகுக்குப் பின்னால கொண்டு போனான்.

"மாப்ள, உன்னைத்தான் கேட்கிறேன். எங்க இருக்கு?"

"மாமா, எனக்கில்ல மாமா. வேலைக்கு... இன்னைக்கு நாலு மணிக்கு டெஸ்ட். பார்ல. நான் ஒரு சொட்டுகூட..." தம்பிக்கு நாக்கு குழறிப்போச்சு. சாயங்காலம் வந்து நிறுத்தி நிதானமா சொல்லணும்னு வச்சிருந்த கதையையெல்லாம் ஒரே மூச்சுல கொட்டிட்டான். மெஷின், நாலு பேர், பர்மிட்டு, கூலிங் கிளாஸ், எல்லாம்.

மாமா கேட்டுக்கிட்டே உள்ள வந்து மேஜை முன்னால உட்கார்ந்தார். "எடுத்துட்டு வா"ன்னார் அக்காவைப் பார்த்து.

"வேண்டாங்க."

"குடிக்க மாட்டேன். எடுத்துட்டு வா."

அக்கா பாட்டிலைக் கொண்டு வந்தா. சலவைத்தூள் ஒட்டியிருந்ததை மாமா கட்டைவிரலால துடைச்சார். மூடியைத் திறந்து மூக்குக்கு ஒரு சாண் தள்ளியே வச்சு, ஒரு தடவை இழுத்தார். மூடினார். புருவம் சுருங்குச்சு. மறுபடி திறந்து இன்னொரு தடவை இழுத்தார்.

"இதுல பாதி டீ."

"இல்ல மாமா, பார்லேர்ந்து அவரே கையில எடுத்துக் கொடுத்தது. அவர் எதுக்கு..."

மாமா தம்பியைப் பார்க்கலை. அக்கா ஈரத்துணியால மேஜையைத் துடைச்சுக்கிட்டிருந்தா. துடைச்ச இடத்தையே துடைச்சா.

"எத்தனை நாளா கலக்குற?"ன்னு மாமா கேட்டார்.

"வியாழக்கிழமை. அவன் கொண்டு வந்த அன்னைக்கே. பாதியைக் கொட்டிட்டுப் பால் விடாத டீயை ஊத்தி வச்சேன். தப்பித் தவறி உங்க கண்ணுல பட்டுடுச்சுன்னா..."

"அதைக் கேட்கலை."

அக்கா கை நின்னுச்சு.

"நீங்க குடிச்சுட்டு ரிப்பேர் பண்ணின லிஃப்ட் கதவைப் பூட்டாம வந்தீங்களே, அந்த வருஷத்துலேர்ந்து"ன்னா. "நீங்க தூங்கினப்புறம் கலந்து வைப்பேன். முதல்ல கால் வாசி. அப்புறம் பாதி."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நடுவுல ஒரு தடவை டீத்தூள் மாத்தினியே, அதுகூடத் தெரிஞ்சுது. புதுசு நல்லாவே இல்ல."

அக்கா வாயைத் திறந்தா. சிரிக்கிறாளா அழறாளான்னு தம்பிக்குப் புரியலை. அவளுக்கே புரிஞ்சிருக்காது. "தெரிஞ்சும் ஏன் என்னைக் கேட்கலை? ஒரு வார்த்தை கேட்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ ஊத்துறதை நிறுத்தியிருப்ப."

கீழ் வீட்டு டிவியில யாரோ கை தட்டினாங்க.  டம்ளர்ல இருந்த அன்னாசிப் பால் ஓரத்துல உருக ஆரம்பிச்சுடுச்சு.

தம்பிக்கு அப்பதான் உறைச்சுது. "அப்ப நான் மூணு நாளா டீயை வச்சா பழகியிருக்கேன்? அக்கா!"

"எனக்கெங்கடா தெரியும், அது ருசிக்கு இவ்வளவு முக்கியம்னு? நிறம் ஒண்ணா இருந்துச்சு, போதும்னு நினைச்சுட்டேன்."

"என் அளவெல்லாம் போச்சு. நுரை போச்சு. எல்லாம் போச்சு." தலையில கை வச்சுத் தரையில உட்கார்ந்தவன் சட்டுன்னு எழுந்தான். "நான் கடைக்கு ஓடிப் போய் ஒரு சின்ன பாட்டில் வாங்கிட்டு வந்துடறேன். இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."

"வேண்டாம்"ன்னார் மாமா. கையை நீட்டிக் காட்டினார். விரல் அஞ்சும் வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்துச்சு. "பாதி டீக்கே இப்படி. முழுசு உள்ள வந்தா நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்க மாட்டேன். நாளைக்குக் காலையில ஊதணும். நீ உட்காரு. வாயால சொல்றேன். எழுதிக்கோ."

தம்பி அட்டையைத் திருப்பி வச்சுக்கிட்டான். மாமா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டார்.

"திறந்ததும் மூக்குல ஏறும். கருகின சர்க்கரை. நீ பாகு காய்ச்சும்போது ஒரு நொடி அதிகமா விட்டுட்டா வருமே, அந்த வாடை. அதுக்கு அடியில வார்னிஷ் அடிச்ச கதவு மாதிரி ஒண்ணு. அது உன் தேங்காய் வாடையை அமுக்கிடும். அதனால தேங்காயைக் கூட்டு. நாற்பத்தஞ்சு பத்தாது, அறுபது போடு."

"அறுபது."

"வாயில வச்சதும் இனிப்பைத் தின்னுடும். டீ இனிப்பைத் தின்னாது. நாக்கு நடுவுல சுடும், இஸ்திரிப்பெட்டியை லேசா வச்சு எடுத்த மாதிரி. சுட்டது தொண்டையில இறங்கும்போது, அப்பதான்..." மாமா கண்ணை மூடிட்டார். "அப்பதான் நெஞ்சுக்குள்ள யாரோ விளக்கைப் போடுவாங்க. காலையிலேர்ந்து இறுகிக் கிடந்தது எல்லாம் ஒண்ணொண்ணா..."

"போதும்"ன்னா அக்கா.

"...ஒண்ணொண்ணா கழண்டு விழும். தோள், கழுத்து, தாடை..."

"போதுங்க!"

மாமா கண்ணைத் திறந்தார். நெத்தியெல்லாம் வேர்வை. எந்த ரூம்ல உட்கார்ந்திருக்கோம்னு தேடற மாதிரி சுத்தியும் பார்த்தார். அப்புறம் குரலைச் சரி பண்ணிக்கிட்டு, "ஐஸ் அதிகமா போடணும். டீ உறையும், சரக்கு உறையாது. நீ போட்டது கரண்டி நிக்குது, அங்க நிக்காது. சரிஞ்சு ஓடும். பயப்படாதே. ஐஸை ஒண்ணரைப் பங்காக்கு. பழத்தையும் உறைய வச்சுப் போடு"ன்னார்.

தம்பி எழுதினான். எழுத்து கோணல்மாணலா போச்சு.

"இன்னொண்ணு மாப்ள. கோவத்துல சொல்றேன்னு நினைக்காதே. வேலை கிடைச்சா நீ வேற இடம் பார்த்துக்கோ."

"என்னங்க பேசறீங்க?" அக்கா துணியைப் போட்டுட்டு வந்தா. "அவன் எங்க போவான்? யாரைத் தெரியும் அவனுக்கு?"

"தினமும் சட்டை முழுக்க அந்த வாடையோட கதவைத் திறப்பான். பதினொரு மாசம் நான் எந்தத் தெரு வழியா வீட்டுக்கு வரேன்னு உனக்குத் தெரியுமா? கடை இல்லாத தெருவாப் பார்த்து, சுத்தி வரேன். நாற்பது நிமிஷம். அந்தக் கடை வீட்டுக்கே வந்தா நான் எங்க சுத்தறது?"

"அதுக்காக என் தம்பியை..."

"அப்ப வேலை வேண்டாம்னு சொல்லு. ஊருக்குப் போகட்டும்."

அக்காவால அதையும் சொல்ல முடியலை. இவரைப் பார்த்தா, அவனைப் பார்த்தா. அப்புறம் பாட்டிலை எடுத்தா. மாமா எழுந்து வெளியில போய்ப் படிக்கட்டுல உட்கார்ந்தார், ஒரு ஷூவோட. அக்கா குழாயை முழுசா திறந்து விட்டுட்டு, பாட்டிலைக் கவிழ்த்தா.

தம்பி சட்டை மாத்திக்கிட்டுக் கிளம்பும்போது மாமா படியில கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். "கை நடுங்குதுன்னா மிக்ஸி மூடியைப் பிடிச்சுக்கோ. யாருக்கும் தெரியாது"ன்னார்.

மொட்டைமாடியில வெயில் இல்ல, ஆனா தரை சுட்டுச்சு. குளத்துல ரெண்டு பிள்ளைங்க கத்திக்கிட்டு இருந்தாங்க. கூலிங் கிளாஸ் மேடைக்கு அந்தப் பக்கம் நின்னு, "ஆரம்பி"ன்னார்.

புது பாட்டிலைத் திறந்ததும் மூக்குல ஏறுச்சு. கருகின சர்க்கரை. அடியில வார்னிஷ். தம்பிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. மூணு நாளா மோந்தது இதுல பாதிகூட இல்ல. இதையா ஒரு மனுஷன் பதினொரு மாசமா சுத்திச் சுத்திப் போறார்? தேங்காய் அறுபது. உறைஞ்ச அன்னாசி. ஐஸ் ஒண்ணரைப் பங்கு. மூடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். அப்படியும் ஓரத்துல கசிஞ்சு சட்டைக் கையில தெறிச்சுது.

டம்ளர்ல ஊத்தினா, அசையாம நிக்கலை. சரிஞ்சு, மெதுவா, சோம்பேறித்தனமா இறங்குச்சு. அவன் பயப்படலை.

கூலிங் கிளாஸ் ஒரு வாய் குடிச்சார்.  இன்னொரு வாய்.

"நீ குடிச்சுப் பார்க்கலையே?"

"குடிக்க மாட்டேன் சார்."

"பின்ன எப்படி அளவு பிடிச்ச? அட்டையில நான் எழுதினது இது இல்லையே."

"எங்க மாமா சொன்னார் சார்."

"எந்த பார்ல இருக்கார்?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றார்."

கூலிங் கிளாஸ் விழுந்து விழுந்து சிரிச்சார். டம்ளரைக் காலி பண்ணிட்டு, "நாளைக்கு மூணு மணிக்கு வா. பதினொண்ணு வரைக்கும். பர்மிட்டு விஷயம் நான் மேல பேசிக்கிறேன். சட்டை அளவைக் கொடுத்துட்டுப் போ"ன்னார்.

கீழ பாத்திரம் கழுவுற இடத்துக்கு வந்து தம்பி சட்டைக் கையை மடிச்சு விட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சான். மோந்து பார்த்தான். எலுமிச்சைத் தோலை எடுத்துத் தேய்ச்சான். மறுபடி மோந்தான். போயிடுச்சா, இல்ல மூக்குப் பழகிடுச்சான்னு தெரியலை. பக்கத்துல மெஷின் ஆவியைக் கக்கிக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்குப் போன் அடிச்சான். மாமாதான் எடுத்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது மாமா."

"தேங்காய் சரியா இருந்துச்சா?"

"அறுபதுதான் மாமா. நீங்க சொன்னதுதான்."

பின்னால குழாய்ச் சத்தம், பாத்திரம் தேய்க்கிற சத்தம்.  மாமா தொண்டையைச் செருமினார்.

"நானும் யோசிச்சுப் பார்த்தேன் மாப்ள. உங்க அக்கா அப்போலேர்ந்து ஒரு வார்த்தை பேசலை. மிக்ஸியை நாலு தடவை கழுவிட்டா. நீ பதினொண்ணுக்கு மேலதானே வருவ? நான் பத்துக்கே தூங்கிடுவேன். படிக்கட்டுலயே சட்டையைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வா. குளிச்சுட்டுப் படு. பார்த்துக்கலாம்."

பார்த்துக்கலாம். குடிச்ச நாள்ல தினமும் காலையில முகம் கழுவிட்டு அவர் சொல்ற வார்த்தை அதுதான். இன்னையிலேர்ந்து தொட மாட்டேன், பார்த்துக்கலாம். தம்பி எலுமிச்சைத் தோலைக் கீழ போட்டான்.

"இல்ல மாமா. ரூம் பார்த்துட்டேன்."

"எப்ப?"

"இப்பதான்."

"யாரோட?"

தம்பி திரும்பிப் பார்த்தான். சமையலறை ஓரத்துல சாலட் வெட்டுறவர் வெள்ளரிக்காயை மலை மாதிரி குவிச்சு வச்சிருந்தார். "சாலட் வெட்டுறவர் ஒருத்தர் இருக்கார். ஓட்டலுக்குப் பின்னாலயே. ரெண்டு நிமிஷ நடை."

போன்ல குழாய்ச் சத்தம் நின்னுச்சு. 

"காத்தோட்டமா இருக்குமா?"

"இருக்கும் மாமா."

"லீவு நாள்ல சாப்பிட வந்துடு."

"வரேன். காலையிலேயே குளிச்சுட்டு வரேன்."

"அக்காகிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா..." போன் கை மாறுச்சு. அக்கா "ஹலோ"ன்னு சொல்லலை. "உன் போர்வையை இன்னைக்கே துவைச்சுப் போட்டுடறேன். வந்து எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

தம்பி சட்டைக் கையை இறக்கி விட்டு, சமையலறைக்குள்ள நடந்தான். இந்த ஓட்டல்ல வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷத்துல சாலட் வெட்டுறவர்கிட்ட 'தட்டு' 'இந்தாங்க'ங்கறதுக்கு மேல அவன் பேசினதில்ல.

"அண்ணே, உங்க ரூம்ல ஒரு ஆள் படுக்க இடம் இருக்குமா?"

அவர் கத்தியை நிறுத்தாமலே இவனை மேலயும் கீழயும் பார்த்தார்.

"குறட்டை விடுவியா?"

தம்பி முழிச்சான். அவனுக்குத் தெரியலை. இந்த ரெண்டு வருஷமா அந்த வீட்டுல யாரும் அதைப் பத்தி அவன்கிட்டச் சொன்னதே இல்ல.